பேர் மாத்துற அட்டை

விளையாட்டைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதப்போகிறேன் என்றதும் தோழர் ஒருவர் சிரித்தார். "நம்ம பிரச்சனை எவ்வளவோ கெடக்கு, பயலுக போன்ல சுட்டு வெளையாடுறதப் போயி எழுதணுமா?" என்றார். எழுதணும் தோழர். யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம், யார் எந்தக் கிணற்றில் இறங்கலாம் என்று வகுத்து வைத்த இதே ஊர்தான், யார் யாரோடு விளையாடலாம் என்றும் வகுத்து வைத்தது. அதைப் பற்றி நாம் அதிகம் எழுதவில்லை. விளையாட்டுத்தானே என்று விட்டுவிட்டோம்.

எங்க காலத்து விளையாட்டு தீப்பெட்டிப் படம். சிவகாசி, சாத்தூர் பக்கம் 80களின் கடைசியில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வட்டம் போட்டு, நடுவில் படத்தை அடுக்கி, சில்லு எறிந்து வெளியே தள்ளணும். தள்ளினவனுக்குப் படம். பழைய படத்துக்கு மதிப்பு கம்மி. புதுசா ஒரு லேபிள் வந்துட்டா அன்னைக்கு அதுதான் ராஜா. நானும் என் அக்காவும் தீப்பெட்டி ஆபீசில் பெட்டி ஒட்டினோம். அதனால் புதுப் படம் முதலில் வருவது எங்கள் தெருவுக்குத்தான். மேலத்தெருப் பையன்கள் அதைத் தேடி எங்கள் தெரு முனை வரைக்கும் வருவார்கள். "கீழ வையிடா, எடுத்துக்கிறேன்" என்பான். வைப்போம். எடுத்துக்கொண்டு போவான். எங்க படம் அவன் வட்டத்துக்குள் போகும், நாங்கள் போக முடியாது. என் கை ஒட்டின பெட்டி அவன் வீட்டு அடுப்படியில் இருக்கும், என் கை தொட்ட படத்தை மட்டும் மண்ணில் வைத்து எடுக்கணும்.

1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆபத்தான வேலையில் வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டணும் என்றது. விடியக்காலையில் வேன் வந்து தூங்குகிற பிள்ளைகளைத் தூக்கிப்போட்டுப் போன காலம் கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்தது. எனக்குப் பிறகு வந்த பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். நான் லேபிள் அடிக்கிற ஒரு அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். இன்னமும் அங்கேதான்.

பப்ஜி எங்கள் தெருவுக்கு வந்தது வேலை இல்லாத நாட்களில். 2018 மார்ச்சில் போனுக்கு வந்த விளையாட்டு அது. அந்த வருஷம் அக்டோபர் 23ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பட்டாசுக்கு ஒரு தீர்ப்புச் சொன்னது. பேரியம் உப்பு கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசு மட்டும்தான், தீபாவளிக்கு இரண்டு மணி நேரம்தான் என்றது. தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆபீசுகளைப் பூட்டினார்கள், மாசக்கணக்கில் திறக்கவில்லை. சரவெடி பின்னியே பிழைத்த பெண்கள் வீட்டில் உட்கார்ந்தார்கள். இளவட்டங்கள் மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே, நிழலில், ஒரு போனைச் சுற்றி ஆறு தலையாக உட்கார்ந்தார்கள். 2020இல் கொரோனா வந்தது. ஆன்லைன் கிளாஸ் என்றார்கள். குழுக் கடன் வாங்கி, தோட்டை அடகு வைத்து, வீட்டுக்கொரு போன் வந்தது. பாடம் எவ்வளவு வந்தது என்று வாத்தியார்களைக் கேளுங்கள். விளையாட்டு முழுசா வந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நூறு பேர் ஒரு விமானத்திலிருந்து தீவில் குதிக்கிறார்கள். குதிக்கும்போது கையில் ஒன்றும் கிடையாது. கீழே கிடக்கிற துப்பாக்கி, கவசம், மருந்து எல்லாவற்றையும் தேடி எடுக்கணும். ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே வரும், வெளியே நின்றால் சாவு. கடைசியாக நிற்கிறவன் அல்லது நிற்கிற கூட்டம் ஜெயிக்கும். நாலு பேர் சேர்ந்து ஆடலாம். ஆள் இல்லை என்றால் யாரையாவது மூன்று பேரை அதுவே சேர்த்துவிடும்.

இதில் எங்கள் பையன்களை இழுத்தது துப்பாக்கி என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். என் சித்தி மகன் ஒருநாள் சொன்னான்: "அண்ணே, இதுல குதிக்கும்போது எல்லாரும் வெறுங்கைண்ணே. எவனுக்கும் அப்பன் சொத்து கெடையாது." அதுதான் விஷயம். இன்னொன்றும் இருக்கிறது. கூட்டாளி குண்டடிபட்டு விழுந்தால் உடனே சாகமாட்டான், மண்டி போட்டுத் தவழ்வான். பக்கத்தில் போய்க் குனிந்து, பத்து விநாடி பொறுத்து எழுப்பிவிடணும். முகம் தெரியாத எவனோ ஒருத்தன், பேச்சை வைத்துப் பார்த்தால் மேலத்தெரு மாதிரியான இடத்திலிருந்து வருகிறவன், எதிரி சுட்டுக்கொண்டிருக்கும்போதே ஓடிவந்து என் தம்பியை எழுப்பிவிட்டிருக்கிறான். "நன்றி மாப்ள" என்றிருக்கிறான் இவன். "இருக்கட்டும் மாப்ள" என்றிருக்கிறான் அவன். மாப்ள! எங்கள் ஊரில் இந்த வார்த்தையைத் தெரு தாண்டிச் சொல்லிப் பாருங்கள்.

ஆனால் வெறுங்கை என்பதும் முழுசா உண்மை இல்லை. கையில் போன் இருக்கிறதே. நல்ல போன் வைத்திருக்கிறவனுக்கு எதிரி தெளிவாகத் தெரிவான். பழைய போன் வைத்திருக்கிறவனுக்கு, சுவரே வருவதற்குள் குண்டு வந்துவிடும். அப்டேட் என்ற சொல்லின் அர்த்தம் எங்கள் தெருவில் இதுதான். மாசத்துக்கோ இரண்டு மாசத்துக்கோ ஒன்று வரும். புதுத் துப்பாக்கி, புது வண்டி, புது உடுப்பு எல்லாம் வரும். கூடவே எடையும் ஏறும். அம்மாவின் கல்யாணப் போட்டோவை அழித்து இடம் பண்ணுவான் ஒருத்தன், பாட்டு எல்லாவற்றையும் அழிப்பான் இன்னொருத்தன். அடுத்த அப்டேட்டுக்கு அழிக்க ஒன்றும் மிச்சம் இருக்காது. போன் திணறும், அவன் கழன்றுகொள்வான். இளைத்த போனிலும் ஓடும் என்று ஃப்ரீ ஃபயருக்குப் போவான். பப்ஜி ஆடுகிறவன் ஃப்ரீ ஃபயர் ஆடுகிறவனைப் பார்த்து, "அது சின்னப்பய வெளையாட்டுடா" என்பான். எங்கே போனாலும் ஒரு படி கீழே ஒருத்தன் வேண்டியிருக்கிறது.

2020 செப்டம்பர் 2ஆம் தேதி ஒன்றிய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது. பப்ஜியும் அதில் ஒன்று. லடாக் எல்லையில் சண்டை, சீன நிறுவனம், நாட்டின் பாதுகாப்பு என்று காரணம் சொன்னார்கள். ஆறாம் நாள், செப்டம்பர் 8ஆம் தேதி, எராங்கல் என்ற பழைய தீவை அடியோடு புதுப்பித்து உலகத்துக்கெல்லாம் விட்டார்கள். அந்தத் தீவின் சந்துபொந்தெல்லாம் எங்கள் பையன்களுக்கு மனப்பாடம். மற்ற நாட்டுக்காரன் புது வீடு, புதுப் பாலம் என்று பார்த்துக்கொண்டிருக்க, இவர்கள் யூட்யூபில் அதை எட்டிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டு நம்மை வெளியே நிறுத்தின மாதிரி இருந்தது. அக்டோபர் 30ஆம் தேதியோடு இந்தியாவுக்கு சர்வரையும் நிறுத்தினார்கள்.

2021 ஜூலை 2ஆம் தேதி அதே விளையாட்டு வேறு பேரில் வந்தது. பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா. கொரியாவின் கிராஃப்டன் நேரடியாக நடத்தியது. தீவு அதே தீவு, துப்பாக்கி அதே துப்பாக்கி. மாறினது என்ன தெரியுமா? ரத்தம் பச்சையாகிவிட்டது. 'கொன்றான்' என்று வருகிற இடத்தில் 'முடித்தான்' என்று வந்தது. இது நிஜ உலகம் அல்ல என்று ஒரு குரல் அடிக்கடி எச்சரித்தது. பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "சுட்டா பச்சத்தண்ணி வருதுண்ணே, வாழத்தண்டு மாதிரி" என்றான் தம்பி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஊருக்குப் பச்சை ஏற்கனவே பழக்கம். நாக்பூர் நீரி ஆய்வகம் கொடுத்த கலவையில் 2019இல் பசுமைப் பட்டாசு வந்தது. பெட்டியில் பச்சை முத்திரை, கியூஆர் கோடு. அந்த முத்திரை வைத்த லேபிளை நானே ஆயிரக்கணக்கில் அடித்திருக்கிறேன். புகை முப்பது விழுக்காடு குறையும் என்றார்கள், நல்லதுதான். டெல்லிக்காரர் மூச்சு விட வேண்டாமா? ஆனால் மருந்து அலசுகிற கையும் அடைக்கிற கையும் மாறவில்லை. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் செத்தவர்கள் 38 பேராவது இருக்கும். 2021 பிப்ரவரி 12ஆம் தேதி சாத்தூர் பக்கத்தில் அச்சங்குளத்தில் வெடித்தபோது போனது 20 உயிராவது இருக்கும். அது பசுமைப் பட்டாசு வந்த பிறகு. அதற்குப் பிறகும் 2024 மே மாதம் செங்கமலப்பட்டி, 2025 ஜூலை 1ஆம் தேதி சின்னக்காமன்பட்டி. பேப்பரில் 'உராய்வு' என்று ஒரு வார்த்தை போட்டு முடிப்பார்கள். அவர்களும் 'முடித்தான்' என்றுதான் எழுதுகிறார்கள். மேலே பூசுகிற வர்ணத்தை மாற்றுவதும் உள்ளே இருக்கிற முறையை மாற்றுவதும் ஒன்று இல்லை என்பதற்கு எங்கள் பையன்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

இனி பேர் விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

விளையாட்டுக்குள் ஒவ்வொருத்தனுக்கும் ஒரு பேர் உண்டு. வைத்த பேரை மாற்றணும் என்றால் ஒரு அட்டை வேண்டும். 'ரீநேம் கார்டு' என்பார்கள். எங்கள் பையன்கள் பேர் மாத்துற அட்டை என்கிறார்கள். கொஞ்சம் மேலே ஏறினால் ஒன்று இனாமாகக் கிடைக்கும், அப்புறம் காசு. கூட்டமாகச் சேர்ந்தால் 'கிளான்' என்று கூட்டத்துக்கும் ஒரு பேர். தம்பியின் போனில் நான் பார்த்த கூட்டப் பேர்களில் பாதி, எங்கள் மாவட்டத்துச் சுவரொட்டிகளில் மீசையோடும் வாளோடும் நிற்கிற பேர்கள். ஆண்ட பரம்பரை, சிங்கம், வம்சம். சாதிப் பேரை அப்படியே போட்டவனும் உண்டு. அதை யாரும் ஏன் என்று கேட்டதில்லை. அது சும்மா பேர்.

2021 நவம்பரில் 'ஜெய் பீம்' படம் வந்தது. தம்பி அந்த இரண்டு சொல்லைத் தன் பேருக்கு முன்னால் போட்டுக்கொண்டான். பேரின் கடைசியில் நீலக் கலரில் ஒரு இதயம். அவ்வளவுதான் செய்தான்.

ஒரு வாரத்தில் ஆரம்பித்தது. விளையாட்டு தொடங்கும்போதே மைக்கில் குரல் வரும். "எந்த ஊரு மாப்ள?" சொல்வான். "ஊருல எந்தப் பக்கம்?" அந்தக் கேள்வி எதுக்கு வருகிறது என்று நமக்குத் தெரியாதா? பிறகு அமைதி. இவன் விழுந்தால் எழுப்ப யாரும் வரமாட்டார்கள். பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்ப்பார்கள். ஒருநாள் மூன்று பேரும் வண்டியில் ஏறிக்கொண்டு இவனை மட்டும் வட்டத்துக்கு வெளியே விட்டுப் போனார்கள். போகும்போது ஒருத்தன் சொன்ன வார்த்தையை நான் இங்கே எழுதவில்லை. என் அப்பாவை டீக்கடையில் சொன்ன அதே வார்த்தை. சர்வர் எந்த நாட்டில் இருக்கிறதோ, அந்த வார்த்தை அங்கே போய்த் திரும்பி எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தது.

தம்பி என்னிடம் வந்து, "அண்ணே, பேர மாத்திரவா?" என்றான். சித்தி அடுப்படியிலிருந்து, "எதுக்குய்யா வம்பு? மாத்திரு. பேருல என்ன இருக்கு?" என்றாள்.

பேரில் என்ன இருக்கிறது என்று எங்கள் மாவட்டத்தில் கேட்கிறீர்களே! 1997இல் நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். அப்போது போக்குவரத்துக் கழகங்களுக்கெல்லாம் தலைவர்கள் பேர் இருந்தது. சேரன், பாண்டியன், கட்டபொம்மன் என்று ஓடும். எல்லாரும் ஏறுவார்கள், இறங்குவார்கள். விருதுநகரை வைத்துப் புதுசாக ஒரு கழகம் தொடங்கி அதற்கு வீரன் சுந்தரலிங்கம் பேரை அன்றைய அரசு வைத்தது. கட்டபொம்மனோடு நின்று வெள்ளைக்காரனை எதிர்த்தவர். கட்டபொம்மன் பேர் வைத்த பஸ்ஸில் ஏறினவர்கள், கூட நின்று செத்தவர் பேர் வைத்த பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள். ஏன் என்று நான் சொல்லணுமா? அவர் நம்ம ஆள். பஸ்ஸை மறித்தார்கள், உடைத்தார்கள். கலவரம் மூண்டது, உயிர் போனது. கடைசியில் அரசு என்ன செய்தது? ஒரு பேரை ஏற்கவைக்க முடியாமல் எல்லாப் பேரையும் அழித்தது. கழகங்களின் பேர் போனது, மாவட்டங்களின் பேரும் போனது. 1985இல் காமராசர் மாவட்டம் என்று பிறந்த எங்கள் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனது அப்படித்தான். சமத்துவம் வந்துவிட்டது என்றார்கள். எங்கள் தெருவில் யாரும் அப்படி நினைக்கவில்லை. நம்ம பேர் ஒன்று பலகையில் ஏறினால் பலகையையே கழற்றிவிடுவார்கள் என்றுதான் புரிந்துகொண்டோம்.

இதைத் தம்பியிடம் சொன்னேன். அவன் பிறப்பதற்கு முந்தின கதை. "பஸ்ஸுக்கா அடிச்சுக்கிட்டாங்க?" என்று கேட்டான். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப எனக்கு நடக்குறது பழைய வெளையாட்டுத்தான், புதுசா எறக்கிருக்காங்க" என்றான்.

பழசைப் புதுசாக்கி விற்பது இப்போது உலகம் முழுக்க நடக்கிற வியாபாரம். பிரவுசிங் சென்டர்களில் நம் பையன்கள் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஆடின வைஸ் சிட்டி, சான் ஆன்ட்ரியாஸ் இரண்டையும் இன்னொன்றோடு சேர்த்து 2021 நவம்பர் 11ஆம் தேதி மெருகேற்றி விட்டார்கள். ஆடினவர்கள் கொதித்துப் போனார்கள். முகம் கோணல், மழை கண்ணை மறைக்குது, கடைப் பலகையில் எழுத்துப் பிழை என்று ஒவ்வொன்றாகக் கிழித்தார்கள். ராக்ஸ்டார் நிறுவனம் ஒரே வாரத்தில் மன்னிப்புக் கேட்டு, கடையிலிருந்து எடுத்த பழைய பதிப்பைத் திரும்ப வைப்பதாகச் சொன்னது. அதில் ஒரு சங்கதி என்னை யோசிக்க வைத்தது. பழையதில் தூரத்தில் எப்போதும் ஒரு பனிமூட்டம் இருக்கும். புதுசில் அதை எடுத்துவிட்டார்கள். எடுத்ததும் அவ்வளவு பெரிய ஊராகத் தெரிந்தது கைக்குட்டை அளவுக்குச் சுருங்கிவிட்டது. மூட்டத்தைத் திருப்பிக் கொடு என்று ஆட்கள் கேட்டார்கள்.

"பழசே நல்லா இருந்துச்சு" என்று சொல்கிற எல்லாருக்கும் இந்த மூட்டம் தேவைப்படுகிறது. அந்தக் காலத்துல ஊர் எப்படி ஒத்துமையா இருந்துச்சு தெரியுமா என்று மேடையில் பேசுகிறவரைப் பாருங்கள். தூரத்தில் மூட்டம் இருந்தால்தான் அந்த ஊர் பெரிசாகத் தெரியும். எங்கள் கிழவிகள் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. விளையாட்டு ரசிகனுக்கு ஒரு நிறுவனம் ஒரு வாரத்தில் பதில் சொல்கிறது, காசு போகிற பயம். எங்களுக்குச் சொல்ல வேண்டிய பதில்களுக்கு எத்தனை வருஷம்? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளிக்கூடப் பையன்கள் கூடப்படித்தவனையே வீடு புகுந்து வெட்டின பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு குழு போட்டார்கள். 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். பள்ளிப் பேரில் சாதி வேண்டாம், மணிக்கட்டில் கலர் கயிறு வேண்டாம் என்றார். கயிறு கட்டக் கூடாது என்றால் அந்தக் கலரை விளையாட்டுப் பேருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறான். அங்கே எந்தத் தலைமையாசிரியர் போய்ப் பார்ப்பார்? 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணத்திலிருந்து எடுப்பதாக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறேன், மனசாரத்தான் சொல்கிறேன். ஆனால் "எந்தப் பக்கம்?" என்று கேட்கிறவனுக்குப் பலகை தேவைப்படுவதில்லை.

தம்பி அட்டையை வாங்கினான். பேரை மாற்றினான். யாருக்கும் எந்த அர்த்தமும் தராத நாலு ஆங்கில எழுத்து, பின்னால் இரண்டு எண். மறுபடி "மாப்ள" வந்தது. விழுந்தால் எழுப்பிவிட்டார்கள். அந்த ஒரு மாசம் போல அவன் ஜெயித்ததே இல்லை. ஆனால் ஜெயித்த படத்தை யாருக்கும் காட்டவில்லை. ஏன்டா என்றேன். "ஜெயிச்சது யாருன்னு தெரியலண்ணே" என்றான்.

2022 ஜூலை 28ஆம் தேதி அந்த விளையாட்டையும் அரசு எடுத்தது. அதற்கு முன்னால் பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரும் போயிருந்தது. 2023 மே மாதம் பேட்டில்கிரவுண்ட்ஸ் திரும்ப வந்தபோது புது விதி போட்டார்கள். பதினெட்டு வயசுக்குக் கீழே இருந்தால் நாளைக்கு மூன்று மணி நேரம், மேலே இருந்தால் ஆறு மணி நேரம். தம்பிக்கு அப்போது பத்தொன்பது. ஒரு பட்டாசு ஆபீசில் பேன்சி ரகத்துக்குக் குழாய் செய்கிற இடத்தில் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தான். காலையில் வேன் ஏறினால் பொழுது சாய வருவான். "ஆறு மணி நேரமாம்ல!" என்று அவன் சிரித்த சிரிப்பை நீங்கள் கேட்டிருக்கணும்.

திரும்ப வந்த முதல் சனிக்கிழமை சம்பளம் வாங்கினதும் இன்னொரு பேர் மாத்துற அட்டை வாங்கினான். சித்தி திட்டினாள். உழைத்த காசு, அவளுக்கு வயிறு எரியத்தானே செய்யும். அவன் உட்கார்ந்து எழுத்து எழுத்தாக அந்தப் பழைய பேரைத் திரும்பப் போட்டான். நீல இதயத்தையும் போட்டான். அவனைப் பார்த்து எங்கள் தெருவில் இன்னும் மூன்று பேர் போட்டார்கள். நாலு பேரும் சேர்ந்து ஆடினால் வெளியாள் தேவையில்லை என்று கண்டுபிடித்தார்கள். ஒருத்தன் விழுந்தால் மற்ற மூவரில் ஒருத்தன் எழுப்புவான். எதிரில் வருகிறவன் செத்தால், கொன்றவன் பேர் அவன் திரையில் எழுத்தாக வந்து நிற்கும். அதைப் படிக்காமல் தாண்ட முடியாது.

இதை நான் விடுதலை என்று சொல்லவில்லை. போனில் பேர் போட்டால் நிலம் வராது, மருந்து அறையில் பாதுகாப்பு வராது. நாலு பேர் தனியாக ஆடுவதும் ஒரு வகையில் தனித்தெருதான், அதுவும் எனக்குத் தெரியும். கல்லூரியில் படிக்கிற தோழர்களே, நீங்களும் இதை ஆடுகிறீர்கள். உங்கள் கூட்டத்தில் ஒருத்தன் "எந்தப் பக்கம்?" என்று கேட்கும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள். பேரை மறைத்து ஆடுகிறவர்களும் எழுதுங்கள். நம் கிணறு, நம் சுடுகாடு, நம் டீக்கடை பற்றி எழுதினோம். பிள்ளைகள் இரவில் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு தனியாக வசவு வாங்குவதையும் எழுதித்தான் ஆகணும். யாருக்கும் காயம் தெரியாது, ரத்தம் பச்சைதானே.

தம்பி போன் இனி ஒரு அப்டேட் தாங்காது. அடுத்தது வந்தால் அவன் வெளியேதான். புதுப் போனுக்குச் சீட்டுப் போட்டிருக்கிறான், வாரம் நூறு ரூபாய்.